ஓசூருக்கு டிரான்ஸ்ஃபரா? வீடு மாறும் செலவை அரசிடம் கேட்க 60 நாள்தான் டைம்!

பெங்களூருவிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ ஓசூருக்கு மாற்றலாகி வரும் மத்திய அரசு ஊழியர்கள், வீடு மாறும் செலவை அரசிடமே பெறலாம். விதி தெரியாமல் விட்டால் கைக்காசுதான் கரையும்.

யாருக்குக் கிடைக்கும்?
பொது நலன் கருதி மாற்றப்பட்டவர்களுக்கு. சொந்த விருப்பத்தில் கேட்டு வாங்கிய மாற்றலுக்குக் கிடையாது. ஆர்டரில் எப்படி எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க.

எவ்வளவு?
கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80%. ரூ.35,400 வாங்குபவருக்கு ரூ.28,320. மாறும் தூரம் 20 கி.மீ.க்குள் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ரூ.9,440 மட்டுமே, அதுவும் உண்மையிலேயே வீடு மாறியிருந்தால்தான். கிருஷ்ணகிரியிலிருந்து வந்தால் முழுத் தொகை. எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியிலிருந்து வந்தால் குறையும். லாரி வாடகையும் குடும்பத்தின் பயணச் செலவும் தகுதிக்கேற்ப தனியே கிடைக்கும்.

எங்கே சிக்கல்?
முன்பு ஓராண்டு அவகாசம் இருந்தது. 2018-ல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயணம் முடிந்த நாளிலிருந்து கணக்கு. மாற்றல் உத்தரவு, ரிலீவிங் ஆர்டர், பணியில் சேர்ந்த அறிக்கை, லாரி ரசீது எல்லாத்தையும் ஒரே ஃபைலில் வச்சுக்கோங்க.

பிள்ளைகளின் பள்ளிக்காக?
குடும்பம் 6 மாதம் வரை தாமதித்து வரலாம். அவர்கள் பயணச் செலவும் கிடைக்கும்.

கர்நாடகா வண்டி?
12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். பழைய ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கிட்டே கிளம்புங்க.