பழைய வெல்டிங் இயந்திரத்துக்குப் புத்துயிர்

மின்கம்பிகள் எட்டாத இடத்தில் இரும்பை இரும்போடு பற்றவைக்க வேண்டுமானால், மின்நிலையத்தையே உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எஞ்சினால் ஓடும் வெல்டிங் இயந்திரம் அப்படிப்பட்ட ஒரு சிறு மின்நிலையந்தான். ஒரு பெட்ரோல் எஞ்சின், அதன் அச்சோடு இணைந்த ஒரு நேர்மின்னோட்ட மின்னாக்கி, இரண்டையும் தாங்கும் ஓர் இரும்புச் சட்டம். இவ்வளவே அதன் உறுப்புகள். அமெரிக்காவில் எண்ணெய்க் குழாய்கள் பதித்தவர்களின் வாழ்க்கையில் இந்த இயந்திரத்துக்குத் தனி இடம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, டெக்சஸ் மாநிலத்து எண்ணெயைக் கிழக்குக் கரைக்குக் கொண்டு செல்ல 1942-43ஆம் ஆண்டுகளில் பதிக்கப்பட்ட 'பிக் இன்ச்' குழாய் 24 அங்குல விட்டமும் ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் நீளமும் உடையது. காட்டிலும் மேட்டிலும் ஆற்றங்கரையிலும் ஒவ்வொரு குழாயையும் அடுத்ததோடு இணைக்க, கையோடு கொண்டு செல்லக்கூடிய மின்சாரம் தேவைப்பட்டது.

இவ்வகை இயந்திரங்களுள் புகழ் பெற்றது, ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் உள்ள லிங்கன் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்த எஸ்.ஏ.-200. பெயரில் உள்ள 200 என்பது அது தரும் மின்னோட்டத்தை ஆம்பியரில் குறிக்கும். அரை டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள இந்த இயந்திரங்கள் பல, இன்று பழைய கொட்டகைகளிலும் பண்ணைகளிலும் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றை மீட்டுச் சீர்செய்வோர் அமெரிக்காவில் பலர் உள்ளனர். பல ஆண்டுகள் உறங்கிய இயந்திரம் ஒன்று மீண்டும் மின்சாரம் தருமா? அல்லது அவசரப்பட்டு ஓட்டியதால் அதன் சுருள் கருகிப் பழைய செம்பின் விலைக்குப் போகுமா? இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம் அன்று. நாம் பாடப் புத்தகத்தில் படிக்கும் இயற்பியலே.

மின்வில்லுக்கு என்ன வேண்டும்?

வெல்டிங் ராடின் முனையை இரும்பில் தட்டிச் சற்றே விலக்கினால் இடைவெளியில் ஒளிமிக்க மின்வில் தோன்றுகிறது. அதன் வெப்பநிலை பல ஆயிரம் டிகிரி செல்சியஸ். காற்று இயல்பில் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே வில்லைத் தொடங்க 60 முதல் 100 வோல்ட் வரை மின்னழுத்தம் இருந்தால் நல்லது. வில் தோன்றியபின் இடைவெளியில் உள்ள வாயு அயனிகளாகப் பிரிந்து நன்கு கடத்தத் தொடங்கும். அப்போது 25 அல்லது 28 வோல்ட்டே போதும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. 80 வோல்ட் தரும் சாதாரண மின்னாக்கி ஒன்றின் உள்மின்தடை 0.02 ஓம் என்று கொள்வோம். ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டால் ஓமின் விதிப்படி 80 ÷ 0.02 = 4000 ஆம்பியர் பாயப் பார்க்கும்! ராடு உருகும், சுருள்கள் கருகும். ஆகவே வெல்டிங் மின்னாக்கி வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும். மின்னோட்டம் ஏற ஏற அதன் மின்னழுத்தம் தானாகவே சரிய வேண்டும்.

இதைச் சாதிக்க ஓர் எளிய தந்திரம் உண்டு. மின்னாக்கியின் காந்த முனைகளில் இரு வகைச் சுருள்களைச் சுற்றுகிறார்கள். மெல்லிய கம்பியாலான இணைச் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. தடித்த கம்பியாலான தொடர் சுருளின் வழியே வெல்டிங் மின்னோட்டம் முழுவதும் பாய்கிறது; ஆனால் அது முதற்சுருளின் புலத்துக்கு எதிர்த்திசையில் புலத்தை உண்டாக்குகிறது. மின்னோட்டம் கூடினால் எதிர்ப்பு கூடும், மொத்தப் புலம் குறையும், மின்னழுத்தம் சரியும். ராடு ஒட்டிக்கொண்டாலும் மின்னோட்டம் தாங்கக்கூடிய அளவிலேயே நிற்கும். எஸ்.ஏ.-200இன் முகப்பில் இரண்டு கைப்பிடிகள் இருப்பதன் காரணமும் இதுவே. ஒன்று மின்னோட்டத்தின் வீச்சைப் படிப்படியாகத் தேர்ந்தெடுக்கிறது. மற்றது மாறுமின்தடை மூலம் இணைச் சுருளின் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக மாற்றி நுட்பமாகச் சரிசெய்கிறது.

200 ஆம்பியர், 28 வோல்ட் எனில் வில்லின் திறன் 5600 வாட். அதாவது ஏறத்தாழ ஏழரைக் குதிரைத்திறன். உராய்வு, விசிறி, சுருள்களின் வெப்பம் ஆகிய இழப்புகளையும் சேர்த்தால் எஞ்சின் இதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தர வேண்டியிருக்கும். எஸ்.ஏ.-200இல் பெரிதும் பயன்பட்ட கான்டினென்டல் எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்று வேகத்தில் அது இந்த வேலையைச் செய்கிறது.

முதலில் எஞ்சின்

பழைய இயந்திரம் கிடைத்தவுடன் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பிப் பார்க்கும் ஆவல் யாருக்கும் எழும். அந்த ஆவலை அடக்குவதே முதல் வேலை. தொட்டியில் தங்கிய பழைய பெட்ரோல் பிசினாகி இருக்கும். அதைத் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், முழுதும் வடித்துவிட வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயமும், புகைபோக்கி இணைப்புகளின் பொதிகளில் கல்நாரும் இருக்கக்கூடும். ஆதலால் அவற்றை உலர்வாகச் சுரண்டித் தூசு கிளப்பக்கூடாது.

பிஸ்டன் இறுகியிருந்தால் சிலிண்டரில் மெல்லிய எண்ணெய் ஊற்றி நாட்கணக்கில் ஊறவிட்டு, கையாலேயே மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு வால்வு எஞ்சின்களில் வால்வின் தண்டு துருவால் சிக்கிக் கொள்வது வழக்கம். தீப்பொறி தரும் மேக்னெட்டோவில் தொடுமுனைகளை நன்கு துடைக்க வேண்டும். எஞ்சினின் பகுதி இவ்வளவே. மோட்டார் மெக்கானிக் எவருக்கும் இது பழகிய வேலை. மின்னாக்கிதான் பொறுமையைக் கேட்கும்.

ஈரம் என்னும் பகைவன்

பழைய சுருள்களின் மின்காப்பு பருத்தி நூல், காகிதம், வார்னிஷ் போன்றவற்றால் ஆனது. பல மழைக்காலங்களின் ஈரத்தை அது உறிஞ்சி வைத்திருக்கும். எலிகள் கூடு கட்டியிருந்தால் உப்பும் சேர்ந்திருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் காப்பு கடத்தியாகிவிடும். இந்நிலையில் எஞ்சினை ஓட்டினால், மின்னாக்கி தான் உண்டாக்கும் மின்சாரத்தைக் கொண்டே தன்னை எரித்துக்கொள்ளும்.

எனவே முதலில் தூசை உறிஞ்சி எடுத்தபின், 500 வோல்ட் மெக்கர் கருவியால் சுருளுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையேயுள்ள மின்தடையை அளக்க வேண்டும். மின்னணு உறுப்புகள் பொருத்தப்பட்ட பிற்கால இயந்திரமானால், அளக்குமுன் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் இயந்திரத்தை ஓட்டக்கூடாது. குறைந்த அளவு காட்டினாலே சுருள் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். உறைக்குள் மின்விளக்கை எரியவிட்டு அல்லது வெதுவெதுப்பான காற்றைச் செலுத்திச் சில நாட்கள் உலர்த்தி, நாள்தோறும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மின்தடை ஏறிக்கொண்டே வந்தால் குறை ஈரத்தில்தான். ஏறாமல் நின்றுவிட்டால் காப்பு எங்கோ அறுந்துள்ளது என்று பொருள். நூறு ரூபாய்ச் செலவில் தீரும் குறையா, சுருளையே மாற்றிச் சுற்ற வேண்டிய குறையா என்பதை இந்தச் சில எண்கள் சொல்லிவிடுகின்றன.

திசைமாற்றியின் முகம்

சுழலும் ஆர்மெச்சூரில் பிறப்பது மாறுமின்னோட்டமே. அதை ஒரே திசையில் வெளியே தருவது, பட்டறைகளில் காம்முட்டேட்டர் என்று வழங்கும் திசைமாற்றி. செப்புத் துண்டுகளை வட்டமாக அடுக்கி, இடையிடையே அபிரகத் தகடுகளை வைத்துச் செய்த உருளை அது. அதன்மேல் கார்பன் பிரஷ்கள் அழுந்தி நிற்கின்றன.

செம்பைவிட அபிரகம் கடினமானது. பல ஆண்டு ஓட்டத்தில் செம்பு தேய்ந்து அபிரகம் மேலே துருத்தி நிற்கும். அப்போது பிரஷ் மேடுபள்ளச் சாலையில் ஓடும் வண்டியைப்போலத் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் தீப்பொறி எழும். செம்பு மேலும் அரிக்கப்படும். இதற்கு மருந்து, செப்பு மட்டத்துக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அபிரகத்தை அறுத்துத் தாழ்த்துவது. பிறகு மென்மையான உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். எமரித் தாளைத் தொடவே கூடாது. எமரித் துகளில் இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால், செப்புத் துண்டுகளுக்கிடையே அது தங்கினால் மின்சாரம் கசிய வழியாகும். நன்கு ஓடிய திசைமாற்றியின் மேல் பழுப்பு நிறப் படலம் ஒன்று இருக்கும். அது அழுக்கன்று, உராய்வைக் குறைக்கும் ஆக்சைடும் கிராபைட்டும் சேர்ந்த படலம். பளபளப்பை விரும்பி அதைச் சுரண்டி எடுப்பவர் இயந்திரத்துக்குத் தீங்கு செய்கிறார்.

சுருள்களுள் எதிலாவது குறை உண்டா என்று அறியவும் எளிய சோதனை உண்டு. பிரஷ்களைத் தூக்கிவிட்டு, திசைமாற்றியின் எதிரெதிர்த் துண்டுகளுக்கிடையே சில ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டும். அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே மில்லிவோல்ட் அளவை எடுக்க வேண்டும். எல்லா அளவுகளும் ஒன்றுபோல் இருந்தால் சுருள்கள் நலம். ஓரிடத்தில் மட்டும் குறைந்தால் அங்கே சுற்றுகள் தமக்குள் தொட்டுக்கொண்டுள்ளன. கூடுதலாக இருந்தால் பற்றாசு விட்டிருக்கிறது அல்லது கம்பி அறுந்திருக்கிறது.

எஞ்சிய காந்தம்

எல்லாம் சரிசெய்து எஞ்சினும் ஓடுகிறது. ஆனால் மின்சாரம் மட்டும் வரவில்லை. மீட்பு வேலையில் பலரைத் திகைக்க வைக்கும் கட்டம் இதுவே. காரணத்தை அறிய 1866ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில்தான் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ், நிலைக்காந்தம் இல்லாமலேயே மின்னாக்கி தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்று காட்டினார்.

காந்த முனைகளின் இரும்பில், மின்னோட்டம் நின்றபின்னும் சிறிது காந்தம் எஞ்சியிருக்கும். ஆர்மெச்சூர் சுழலும்போது அது இரண்டு மூன்று வோல்ட்டைத் தரும். அந்தச் சிறு மின்னழுத்தம் புலச்சுருளில் சிறிது மின்னோட்டத்தைச் செலுத்தும். புலம் சற்று வலுக்கும், மின்னழுத்தம் ஏறும், மின்னோட்டம் மேலும் கூடும். இரும்பு காந்தத்தால் தெவிட்டும் நிலையில் இந்த வளர்ச்சி நிற்கும். எஸ்.ஏ.-200இல் எக்சைட்டர் என்னும் துணை மின்னாக்கி இவ்வாறு தானே கிளம்பி 115 வோல்ட் வரை ஏறி, பெரிய மின்னாக்கியின் புலச்சுருளுக்கு மின்சாரம் அளிக்கிறது. கைக்கருவிகளுக்கும் இதிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம். ஆனால் அது நேர்மின்னோட்டம் என்பதால் மின்மாற்றி உள்ள கருவிகளை அதில் இணைத்தால் அவை கருகிவிடும்.

இந்த வளர்ச்சிக்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. இரும்பில் காந்தம் எஞ்சியிருக்க வேண்டும். புலச்சுருளின் இணைப்பு அந்தக் காந்தத்துக்குத் துணையான திசையில் இருக்க வேண்டும். புலச்சுற்றின் மின்தடை ஒரு வரம்பை மீறக்கூடாது. வேகம் போதுமானதாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மின்னாக்கி உறங்கியே கிடக்கும்.

மின்சாரம் வரவில்லை என்றதும் பலர் காந்தம் போய்விட்டது என்று கருதி பேட்டரியைத் தேடுகிறார்கள். வரிசை அப்படியன்று. இரண்டு மூன்று வோல்ட், பிரஷுக்கும் திசைமாற்றிக்கும் இடையிலுள்ள ஆக்சைடுப் படிவைக் கடக்க மாட்டாமல் நின்றுவிடலாம். மாறுமின்தடையின் தொடுமுனை துருப்பிடித்திருக்கலாம். இவ்விரண்டிலும் குறை மூன்றாம் நிபந்தனையில்தான் உள்ளது. ஆகவே முதலில் பிரஷையும் இணைப்புகளையும் சுத்தம் செய்து, எஞ்சினை ஓட்டி, எக்சைட்டரின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இரண்டு மூன்று வோல்ட் காட்டினால் காந்தம் இருக்கிறது, குறை புலச்சுற்றில். பிரஷ் நன்றாகத் தொட்டும் முள் சிறிதும் அசையாவிட்டால்தான் காந்தம் மறைந்தது என்று கொள்ள வேண்டும்.

அப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, 12 வோல்ட் கார் பேட்டரியின் முனைகளை நேர், எதிர் மாறாமல் எக்சைட்டரின் புலச்சுருளுக்குச் சில விநாடிகள் தொடவைத்து எடுத்தால் போதும். இரும்பு அந்தக் காந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பேட்டரியை அகற்றியபிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். மறந்துவிட்டால் 115 வோல்ட் பேட்டரிக்குள் பாய்ந்து அது வெடிக்கவும் கூடும்.

முழுச் சுமையில் சோதனை

மின்னழுத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. முதல் நாளே 200 ஆம்பியரில் வெல்டிங் செய்யக்கூடாது. புதிய பிரஷ்கள் திசைமாற்றியின் வளைவுக்கு ஏற்பப் படிந்து அமர நேரம் வேண்டும். தடித்த மின்தடைக் கம்பிகளைச் சுமையாக இணைத்து, 50 ஆம்பியரில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது நல்லது. 26 வோல்ட்டில் 150 ஆம்பியர் வேண்டுமானால் மின்தடை 0.17 ஓம் அளவுக்கு இருக்க வேண்டும். அதில் 3900 வாட் வெப்பம் எழும் என்பதை மறந்துவிடலாகாது. பிரஷ்களில் பொறி பறக்கிறதா, எஞ்சினின் வேகம் சுமையில் தளர்கிறதா, சுருள்களில் வார்னிஷ் கருகும் மணம் வருகிறதா என்று கண்ணும் காதும் மூக்கும் விழிப்பாக இருக்க வேண்டும்.

இன்று இன்வெர்ட்டர் வகை வெல்டிங் இயந்திரங்களை ஒருவர் தோளில் மாட்டிச் செல்லலாம். ஆற்றலையும் அவை வீணாக்குவதில்லை. அவற்றோடு ஒப்பிட்டால் பழைய இயந்திரம் கனமானது, இரைச்சலானது, எரிபொருள் தின்பது. எனினும் அதன் கனத்த சுருள்களின் தூண்டலால் மின்னோட்டம் திடீரென்று ஏறி இறங்காது. வில் அமைதியாக எரியும். குழாய் இணைப்பில் தேர்ந்த கைகள் இன்றும் அதைத் தேடுவது இதற்காகத்தான். மாணவர்களுக்கு வேறொரு பயனும் உண்டு. பாரடேயின் தூண்டல், ஓமின் விதி, எஞ்சிய காந்தம், காந்தத் தெவிட்டல் ஆகியவை மூடிய பெட்டிக்குள் மறைந்திராமல் இங்கே கண்ணெதிரே தெரிகின்றன. எக்சைட்டரில் வோல்ட்மீட்டரை இணைத்து எஞ்சினைக் கிளப்பிப் பாருங்கள். முள் முதலில் இரண்டு வோல்ட்டில் தயங்கும். பிறகு மெல்ல ஏறும். பின் விரைந்து ஏறி 115இல் நிற்கும். சீமென்ஸ் கண்டதும் இந்த வளர்ச்சியைத்தான்.