பட்டா யார் பெயரில் இருக்கிறது?

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கமானாலும் சரி, வாலாஜாபாத் பக்கத்துக் கிராமமானாலும் சரி, காலனிப் பெண்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டில் எந்த நாளில் அடி விழும் என்ற கணக்கு அது. வாரக் கூலி கைக்கு வரும் சனிக்கிழமை. குழுக்கடன் தவணை கட்ட வேண்டிய நாள். பள்ளி திறக்கும் ஜூன். மழையில் வேலை நின்றுபோகும் ஐப்பசி, கார்த்திகை. இந்த நாட்களில் அரிசியைப் பற்றியோ தவணையைப் பற்றியோ தொடங்கும் பேச்சு, மனைவியின் கன்னத்தில் போய் முடிகிறது. மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டால், 'வீட்டுக்கு வீடு வாசப்படி' என்பார்கள். பெரியவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பார்கள்.

அடி விழும் நாட்களைப் பார்த்துவிட்டு, வறுமைதான் அடிக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே வறுமையில்தான் அந்தப் பெண்ணும் இருக்கிறாள். அவளும் வெயிலில் களை எடுத்துவிட்டு வருகிறாள், அவளும் அரை வயிற்றோடு படுக்கிறாள். அவள் கை ஓங்குவதில்லை. கூலியைக் குறைத்த மேஸ்திரியையும், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிய நிலக்காரரையும் கணவன் அடிப்பதில்லை. யாரை அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். கோபத்தைப் பசி கொடுக்கலாம். அந்தக் கோபத்தை யார் மேல் இறக்கலாம் என்ற அனுமதியைக் கொடுப்பது ஆணாதிக்கம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) இதை எண்களில் சொல்கிறது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். இந்திய அளவில் இது 29.3 சதவீதம். படிப்பிலும் தொழிலிலும் முன்னேறிய மாநிலம் என்று பேசும் நாம் இந்த ஒப்பீட்டைப் பேசுவதே இல்லை. வசதி கூடக்கூட வன்முறை குறைகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிகிறது. ஆனால் மிக வசதியான வீடுகளிலும் அது ஒழிந்துவிடவில்லை. மாடி வீட்டில் கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே வராது. ஒற்றை அறை வீட்டில் தெருவுக்கே கேட்கும். இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு, 'சேரியில் இதெல்லாம் சகஜம்' என்று ஊர்க்காரர்கள் சொன்னால் அது சாதிய அவதூறு. அதை நாம் ஏற்க முடியாது.

அவதூறுக்குப் பயந்து நாமே வாயை மூடிக்கொள்வதும் தவறு. தமிழ்நாடு, ஆந்திரம், பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் 500 தலித் பெண்களிடம் அலோசியஸ் இருதயம் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. சாதி ஆதிக்கம் செய்தவர்களின் கொடுமைகளைப் பதிவு செய்த அந்த ஆய்வில், 43 சதவீதம் பெண்கள் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையையும் சேர்த்தே சொன்னார்கள். அதற்கு முன்பே, 1994இல், பாமா தன் 'சங்கதி'யில் இந்த இரட்டை அடியை எழுதிவிட்டார். வெளியே சாதி, உள்ளே புருஷன்.

அப்படியானால் வறுமையின் பங்கு என்ன? வறுமை, அடிபட்ட பெண் வெளியேறும் வாசலை அடைக்கிறது. நள்ளிரவில் பிள்ளைகளோடு வெளியே வருகிறவள் எங்கே போவாள்? அம்மா வீட்டில் ஒரே அறை. அதில் அண்ணன் குடும்பம். டவுனில் வீடு பிடிக்க அட்வான்ஸ் வேண்டும். ரேஷன் கார்டு கணவன் வீட்டில். குழுக்கடனோ அவள் பெயரில். பணத்தைச் செலவழித்தவன் அவன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் என்ன சாதி என்று பார்ப்பார்களோ என்ற பயம். புகார் கொடுத்தால் அவன் மேல் வேறு வழக்கையும் சேர்த்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். கடைசியில் அவள் திரும்பிப் போகிறாள். அடிபட்ட மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அந்த நாள் கூலி போய்விடும். மருந்துச் செலவு கடனில் சேரும். வறுமையால் மாட்டிக்கொண்டவளை அடி இன்னும் ஏழையாக்குகிறது.

பட்டு நகரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. கூலித் தறி வீடுகளில் தார் சுற்றுவதும், கோர்வைக்குத் துணை நிற்பதும் பெரும்பாலும் மனைவிதான். சேலைக்கான கூலி தறியில் உட்கார்ந்தவர் கைக்குப் போகிறது. பாதி உழைப்பு அவளுடையது, ஆனால் கணக்கில் அவள் பெயர் இல்லை. கையில் காசு இல்லாதவளின் பேச்சு வீட்டில் எடுபடுவதில்லை.

சொத்து என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் சுமார் 500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. நிலமோ வீடோ சொந்தமாக இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18 சதவீதம், வீடு மட்டும் உள்ளவர்களில் 10 சதவீதம், இரண்டும் உள்ளவர்களில் 7 சதவீதம். வீடு தன் பெயரில் இருந்தால் 'வெளியே போ' என்று அவளைச் சொல்ல முடியாது. போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தாலே ஓங்கிய கை தயங்குகிறது.

நிலத்துக்கான நம் போராட்டத்தின் ஊற்றுக்கண் இந்த மண்தான். அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. 1994இல் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். அந்தக் கோரிக்கையோடு இனி ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: மீட்கும் நிலமும் வாங்கும் மனையும் பெண் பெயரில் இருக்க வேண்டும். தாட்கோவின் 'நன்னிலம்' மகளிர் நில உடைமைத் திட்டத்தில், நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நம் ஊர்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று கிராம சபையில் கேட்போம்.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று இதே காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. சின்னத் தொகைதான் என்றாலும் அவள் கையெழுத்தில் எடுக்கும் பணம். ஆனால் ஏ.டி.எம். கார்டு யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது? இதையும் கேட்க வேண்டும். ஒரு கையால் கொடுக்கும் அரசுதான் 2003 முதல் டாஸ்மாக் கடைகளை நேரடியாக நடத்துகிறது. அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவனுள்ள பெண்களில் 70 சதவீதம் பேர் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்கிறது அதே தேசிய ஆய்வு. குடிக்காத கணவனுள்ளவர்களில் 23 சதவீதம். குடியை ஒழிக்க வேண்டும்; ஆனால் குடிக்காதவனும் அடிக்கிறான் என்பதையும் அந்த 23 சொல்கிறது.

சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதிக்கு வெளியே இருந்து வரும் கொடுமைக்கு மட்டும்தான். வீட்டுக்குள் நடப்பதற்கு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. போலீசுக்குப் போகாமலே, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். வீடு கணவன் பெயரில் இருந்தாலும், மாமியார் பெயரில் இருந்தாலும், அங்கே வாழும் உரிமை அவளுக்கு உண்டு. ஜீவனாம்சமும் மருத்துவச் செலவும் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். அவசரத்துக்கு 181. இத்தனை இருந்தும், அடிபட்ட பெண்களில் உதவி தேடியவர்கள் இந்திய அளவில் 14 சதவீதம்தான்.

அம்பேத்கர் 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் தலித் பெண்கள் மாநாட்டில் பேசியபோது, மனைவி கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார். அவர் படம் மாட்டாத காலனி இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் மனைவியை அடித்தவனுக்கு அபராதம் போட்டு, அவளை அவனோடே அனுப்பி வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதை நிறுத்துவோம். அடிபட்டவள் கதவைத் தட்டும்போது 'வீட்டுக்கு வீடு' என்று சொல்லாமல், 181க்குப் போன் போட்டுக் கொடுப்போம். அடுத்த முறை மனைப்பட்டாவுக்கு மனு எழுதும் இளைஞர்கள், விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை, மனைவியின் பெயரை எழுதட்டும்.