கதவடைத்த பள்ளி, தொடர்ந்த கல்வி

2020ஆம் ஆண்டு ஜனவரியில் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் காலடி வைத்த முதலாம் ஆண்டு மாணவர்கள், எழுத்துகளைக் கற்கத் தொடங்கியிருந்தனர். அதற்குள் கோவிட்-19 பெருந்தொற்று பரவியது. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது; பள்ளிகள் மூடப்பட்டன.

கற்றல் கற்பித்தல் புலனம் வழியும் இயங்கலை வழியும் தொடர்ந்தது. எனினும், ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் மின்னியல் கருவி எதுவும் இல்லை எனக் கல்வி அமைச்சின் ஆய்வு காட்டியது. பல வீடுகளில் ஒரே திறன்பேசியை உடன்பிறந்தோர் பகிர்ந்துகொண்டனர். வேலைக்குச் சென்ற தந்தை வீடு திரும்பிய பின்னரே சிலரால் பாடத்தைப் பார்க்க முடிந்தது. மேலும், எழுதுகோலைப் பிடிக்கும் முறையையும் ழகர உச்சரிப்பையும் திரைவழி திருத்துவது எளிதன்று.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பலரும் கைகொடுத்தனர். ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை அச்சிட்டு வழங்கினர். பெற்றோர் வீட்டில் துணையாசிரியர் ஆயினர். பொது இயக்கத்தினர் கருவிகளை நன்கொடையாக அளித்தனர்.

ஜூலை 22ஆம் நாள் முதலாம் ஆண்டு மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பத் தொடங்கினர். ஆனால், நவம்பரில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் அவ்வாண்டு நடைபெறவில்லை.

பாடத்தைத் திரை கொண்டுசேர்க்கலாம். ஆனால், எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையை உடனே கண்டுகொள்ள, அருகில் ஓர் ஆசிரியர் வேண்டும்.