வலிப்பு மாத்திரையும் கண் சொல்லும் சாட்சியும்

பிள்ளைக்கு வலிப்பு வந்தால் நம் வீடுகளில் முதலில் எதைத் தேடுகிறோம்? சாவிக்கொத்தை! இரும்பைக் கையில் திணித்தால் வலிப்பு நிற்கும் என்பது நம்மவர் நம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயரை மட்டும் இரும்பு தட்டிக்கொண்டு போகிறது.

உண்மையில் வலிப்பை அடக்கும் பழைய மருந்துகளில் ஒன்று பீனோபார்பிட்டோன். 1912இல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹாப்ட்மன் என்ற மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்கு இதைத் தூக்க மருந்தாகக் கொடுத்தார். தூக்கமும் வந்தது; வலிப்பும் குறைந்தது. விலை மலிவான இம்மாத்திரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது.

ஆனால், ஒன்றை மறக்கக்கூடாது. மாத்திரை வலிப்பை அடக்குமே தவிர, அதற்குக் காரணமாக மூளையில் ஒரு கட்டி இருந்தால் அதைக் கரைக்காது. அதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி கண்ணுக்குள் இருக்கிறது.

கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு சேரும் இடம் சிறு வட்டு போலத் தெரியும். மூளையைச் சூழ்ந்துள்ள நீர் இந்த நரம்பையும் சூழ்ந்திருக்கிறது. தலைக்குள் அழுத்தம் ஏறினால் வட்டு வீங்கும். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த கண்நோக்கியின் வழிவந்த சிறு விளக்கால் மருத்துவர் இதைப் பார்த்துவிடலாம். கத்தியும் இல்லை, வலியும் இல்லை. தொடக்கத்தில் பார்வை நன்றாகவே இருக்கும்; அதுதான் ஆபத்து! நாள்பட்டால் நரம்பு வாடிவிடும். போன பார்வை திரும்பாது.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் ராஜசேகர், சாண்டி என்ற மூளை அறுவை மருத்துவர்கள், வலிப்போடு வந்தவர்களின் ஸ்கேன் படத்தில் தெரிந்த ஒற்றைப் புள்ளியை ஆராய்ந்தார்கள். அது காசநோய்க் கட்டியா, நாடாப்புழுவின் இளம்புழுவா? அவர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, தலைக்குள் நீடித்த அழுத்தம் இல்லாமல், புள்ளி 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், வேறு சில அடையாளங்களும் பொருந்தினால் அது பெரும்பாலும் புழுதான். மண்டையைத் திறக்க வேண்டாம். வலிப்பு மாத்திரை கொடுத்து, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். வட்டு வீங்கியிருந்தாலோ கதை வேறு.

ஆகவே பெற்றோரே, மாத்திரை சாப்பிடும் பிள்ளை தூங்கி வழிந்தால், "மாத்திரை மயக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். காலைத் தலைவலி, வாந்தி, குனிந்து எழும்போது கண் இருட்டுதல் ஆகியவையும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த பங்சாருக்குப் பக்கத்திலேயே மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் இருக்கிறது. நரம்பு மருத்துவரும் கண் மருத்துவரும் அங்கே உண்டு. தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. இதைச் சாமி குற்றம் என்று ஒளிக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். தெரிந்திருந்தால்தானே நாங்களும் உங்கள் பிள்ளையைக் காக்க முடியும்?