நாஞ்சில் நாட்டு நீலி கதை: கதைப்பின்னலும் வகைமையும்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டில், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது நீலி கதை. கதையின் களம் தொண்டை நாட்டுப் பழையனூர். இசக்கி நிலைகொண்ட இடமாகப் போற்றப்படுவதோ ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல். மறுபிறப்பு, உருமாற்றம், பேசும் மாயக்குழந்தை ஆகியன இடம்பெறுவதால் இதனை மாயக்கதை என எளிதில் வகைப்படுத்திவிடலாம். கதைப்பின்னல் அதற்கு இடந்தருவதில்லை.

கதைப்பின்னல்

வடிவங்களுக்கிடையே பெயர்கள் மாறினும் அடிப்படை நிகழ்ச்சிகள் மாறுவதில்லை. பொருளிழந்த அந்தணன் ஒருவனைத் தாசியின் தாய் வெளியேற்றுகிறாள். அவன்மீது அன்புகொண்ட தாசி நகைகளுடன் பின்தொடர்கிறாள். வழியில் உறங்கியவளைக் கல்லால் கொன்று நகைகளைக் கவர்கிறான். அருகிலிருந்த கள்ளியே சாட்சி. மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திவரும் நீலி, இவனே தன்னைக் கைவிட்ட கணவன் எனப் பழையனூர் வேளாளர் எழுபதின்மரிடம் முறையிடுகிறாள். குழந்தையும் அவனைத் தந்தையென அழைக்கிறது. வேளாளர் தம் உயிரையே பிணையாகத் தந்து, அவனுடைய காப்பு வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஓரறையில் தங்கவைக்கின்றனர். இரவில் வணிகன் கொல்லப்படுகிறான். சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர்.

இயற்கைப்பொருள் கொலைக்குச் சாட்சியாதல் உலகக் கதைகளில் பரவலான கூறு. ஆர்னே–தாம்சன்–ஊதர் அட்டவணையின் 960ஆம் வகை அதனைச் சார்ந்ததே. ஆயினும் அவ்வகைக் கதைகளில் கொலை வெளிப்பட்டு, கொலையாளி தண்டனை பெறுவான். இங்குக் கள்ளி கொலையைப் பற்றி ஒரு சொல்லும் கூறுவதில்லை. குழந்தையாகிப் பொய்ச்சாட்சி சொல்கிறது.

பொய் வழக்கும் மெய் வழக்கும்

விளாதிமிர் பிராப் 1928இல் ருசிய மாயக்கதைகளில் கண்ட 31 செயற்பாடுகளில், பொய்த்தலைவனின் உரிமைகோரல், பொய் வெளிப்படுதல், தண்டனை, திருமணம் ஆகியன இவ்வரிசையிலேயே கதையை முடிவுநோக்கி நகர்த்துகின்றன. நீலி கதையிலும் ஆதாரமற்ற உரிமைகோரல் உண்டு. ஆனால் அவை அதனை ஏற்றுக்கொள்கிறது, பொய் வெளிப்படுவது தண்டனை நிறைவேறிய பின்னரே, மணவறை கொலைக்களமாகிறது. வரிசை தலைகீழானதற்குக் காரணம், அவளது கோரிக்கை இப்பிறவி வழக்கில் பொய், முற்பிறவி வழக்கில் மெய் என்பதே. அவையின் முன் உள்ளது முதல் வழக்கு மட்டும். கண்ட சாட்சியை நம்பி நேர்மையாகவே தீர்ப்பளிக்கின்றனர். அத்தவறான தீர்ப்பின் வழியாகவே, எந்த அவையும் விசாரிக்காத கொலைக்கு நீதி கிடைக்கிறது. பிராப்பின் சட்டகத்தில் இவளைப் பொய்த்தலைவி என்பதா, தீங்கிழைக்கப்பட்ட தலைவி என்பதா? 'நீலிக்கண்ணீர்' என்னும் வழக்கு முதல் விடையையே தேர்ந்துகொண்டது. முதற்கொலை அதில் மறைந்துவிட்டது.

வகைமை

வில்லியம் பாஸ்கம் 1965இல் கதை வகைகளைப் பிரிக்கக் கொண்ட அளவுகோல்களுள் ஒன்று, வழங்கும் மக்கள் அக்கதையை உண்மையென நம்புகின்றனரா என்பது. வில்லுப்பாட்டு உரைநடையன்று, எனினும் இவ்வளவுகோல் இங்கும் பயன்படும். கன்னியாகுமரிப் பகுதி வில்லுப்பாட்டை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூல், கதைமாந்தரின் இறப்பு பாடப்படும் கட்டத்துக்கும் சாமியாட்டத்துக்கும் உள்ள நெருங்கிய உறவை விளக்குகிறது. கேட்போருக்கு அங்கே நிகழ்வது தெய்வத்தின் வருகை. ஆகவே கொடையில் பாடப்படும் நீலி கதையைச் சடங்குக் கதைப்பாடல் என்றே கொள்ளவேண்டும். அதே கதை அச்சில் எழுபதின்மரின் தீயோடு முடிந்துவிடலாம். இசக்கி கோயிலிலோ, குழந்தையைக் கையில் ஏந்திய சிலையின் முன் படையல் தொடர்கிறது.