உங்களுக்குத் தெரியுமா? மூச்சு பழகிவிடும், எலும்பு சீக்கிரம் பழகாது!

ஜனவரி மாரத்தானுக்கு டிசம்பரில் ஷூ வாங்குபவர்களை அடிக்கடி பிடித்துக்கொள்வது ‘ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்’. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்விளிம்பு நெடுக வலிக்கும். பழி ஷூவின் மேல் விழும். குற்றவாளி பெரும்பாலும் அவசரம்தான். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கு மாதக்கணக்காகும். புதிய சுமை விழுந்ததும் உடல் முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. மராமத்து நடக்கும் வீட்டைப் போல, அந்த இடைவெளியில் எலும்பு சற்றுப் பலவீனமாகவே இருக்கும்.

வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். வலிக்காதவரை சைக்கிளும் நீச்சலும் சரி. வேகமாக நடந்தும் வலியில்லை என்றான பிறகு, பாதித் தூரத்தில் தொடங்குங்கள். எட்டை நீட்டிப் போடாமல், நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் எலும்பின் மேல் விழும் சுமை குறையும். (‘வலியோடு ஓடினால்தான் பழகும்’ என்று சொல்லும் நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள்.)

விரல் வைத்த ஒரே இடத்தில் சுரீரென்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் விரிசல் இருக்கலாம். தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.