மஞ்சள் ஸ்கூட்டரில் கடை கடையாகக் கேசட் போட்ட 'ஹம்மா' பாடகர்!

பேகம்பூர்,

'பம்பாய்' படத்தில் வரும் 'ஹம்மா ஹம்மா' பாட்டு ஞாபகம் இருக்கிறதா? 1995-ல் படம் வந்த புதிதில் பேகம்பூர் டீக்கடையிலும் அதுதான், வத்தலக்குண்டு பஸ்சிலும் அதுதான்.

தமிழில் அதைப் பாடியவர் ஏ.ஆர்.ரகுமான். அது எல்லாருக்கும் தெரியும். அதே பாட்டை இந்தியில் பாடியது யார்?

அவர் பெயர் ரெமோ பெர்னாண்டஸ். கோவாக்காரர். ராக் பாடகர். பாட்டு எழுதுவதும் அவரே, மெட்டுப் போடுவதும் அவரே, கிடாரைத் தோளில் மாட்டிக் கொண்டு மேடையேறிப் பாடுவதும் அவரே.

அந்த 'ஹம்மா'வுக்கு 11 வருஷம் முன்னால், 1984-ல், இந்த மனிதர் ஒரு மஞ்சள் ஸ்கூட்டரில் கேசட்டுகளை ஏற்றிக் கொண்டு கோவா முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினார். அவருடைய முதல் ஆல்பம் அப்படித்தான் ஊருக்குள் வந்தது!

பூட்டு ஊருக்குப் புரியும் கதை

கையால் செய்த சரக்கைத் தானே சுமந்து போய் விற்பது திண்டுக்கல்லுக்குப் புதுசு இல்லை. பூட்டு ஊர் அல்லவா? சின்னப் பட்டறையில் உட்கார்ந்து தகடு வெட்டுவதில் இருந்து, லீவர் அறுத்து, சாவிக்குப் பல் எடுப்பது வரை கைவேலை. அந்தக் கைவேலைக்குத்தான் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மிஷினில் செய்த மலிவு பூட்டு பக்கத்திலேயே தொங்கும்போது, கைப்பூட்டை வாங்க வைப்பது லேசான காரியமா என்று கடைக்காரரைக் கேட்டால் தெரியும்.

ரெமோ செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான். சரக்குதான் வேறு. இவர் செய்தது பாட்டு.

கேசட் வந்த காலம்

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாட்டு என்றால் முதலில் இசைத்தட்டு. இசைத்தட்டு அடிக்கத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலை பெரிய கம்பெனியிடம்தான் இருக்கும். ஆகவே கம்பெனி 'சரி' என்றால்தான் ஒருவன் பாட்டுக்காரன். 'வேண்டாம்' என்றால் வீட்டுத் திண்ணையோடு சரி.

கேசட் வந்து இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அறிமுகப்படுத்திய இந்தச் சின்னப் பெட்டி, 80-களில் இந்தியா முழுக்கப் பரவியது. சவூதிக்கும் துபாய்க்கும் போய் வந்தவர்கள் கொண்டு வந்த டூ-இன்-ஒன் பெட்டி நடுவீட்டில் உட்கார்ந்தது. பேகம்பூர் போன்ற இடங்களில் ரம்ஜான் இரவு என்றால் நாகூர் ஹனிபா குரல். கல்யாண வீடு என்றால் சினிமாப் பாட்டு. காலி கேசட்டையும் பாட்டு லிஸ்டையும் கொடுத்து விட்டு வந்தால், பதிவு செய்து வைக்கும் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. டெல்லி தரியாகஞ்சில் பழரசக் கடைக் குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார், 'டி சீரிஸ்' கேசட்டால் பெரும் முதலாளியானது இந்தக் காலத்தில்தான்.

சிறிய ஆளும் கேசட் அடிக்கலாம் என்று ஆகி விட்டது. அடித்ததை யார் வாங்குவார் என்பதுதான் கேள்வி.

கைவிரித்த கம்பெனிகள்

ரெமோ பிறந்தது 1953-ல், பஞ்சிமில். அப்போது கோவா போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. 1961-ல் இந்தியாவோடு சேர்ந்தபோது அவருக்கு 8 வயது. அதற்குள்ளேயே, லண்டனில் இருந்து உறவுக்காரர் கொண்டு வந்த பில் ஹேலியின் ராக் இசைத்தட்டு பையனைப் பிடித்துக் கொண்டு விட்டது. பள்ளிக்கூடத்திலேயே கூட்டாளிகளோடு இசைக்குழு!

பம்பாய்க்குப் போய்க் கட்டிடக்கலை படித்துப் பட்டம் வாங்கினார். வீட்டு பிளான் போட்டுக் கொடுத்தே நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1977-ல் ஐரோப்பாவுக்குக் கிளம்பி விட்டார். வழியில் வருகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக் கொள்ளும் பயணம். அங்குள்ள இசைக்குழுக்களோடு சேர்ந்து வாசித்து, பாரிசில் குழுவாக ஒரு இசைத்தட்டும் போட்டு விட்டு, 1980 வாக்கில் ஊர் திரும்பினார்.

திரும்பியவர் தன் பாட்டுகளோடு பம்பாய்க் கம்பெனிகளை அணுகினார். ஆங்கிலப் பாட்டு; ஆனால் விஷயமெல்லாம் நம்ம ஊர் விஷயம். கம்பெனிகள் கைவிரித்து விட்டன!

கம்பெனிக்காரர்கள் பக்கம் இருந்து பார்த்தாலும் அதில் ஆச்சரியம் இல்லை. இங்கிலீஷ் பாட்டு வேண்டும் என்கிறவன் சீமைப் பாடகரின் கேசட்டை வாங்குவான். மற்றவன் சினிமாப் பாட்டு வாங்குவான். நடுவில் நிற்கும் இந்த ஆளை எந்த அலமாரியில் வைப்பது?

ஒரே ஆள், ஒரு இசைக்குழு

சியோலிம். கோவாவில் ஒரு கிராமம். ரெமோவின் குடும்ப வீடு அங்கே. அந்த வீட்டுக்கு ஒரு சிறிய இயந்திரம் வந்தது. பெயர் 'போர்ட்டா ஸ்டூடியோ'. அதாவது தூக்கிக் கொண்டு போகக் கூடிய ஸ்டூடியோ. ஜப்பானின் டியாக் கம்பெனி 1979-ல் முதன்முதலாகக் கொண்டு வந்த சரக்கு.

அது என்ன செய்யும்? சாதாரண கேசட் டேப்பில் நான்கு தடங்கள் உண்டு. ஒரு பக்கம் இரண்டு, திருப்பிப் போட்டால் இரண்டு. போர்ட்டா ஸ்டூடியோ நான்கையும் ஒரே திசையில் ஓட்டும். ஒரு தடத்தில் தாளத்தைப் பதியலாம். டேப்பை முதலுக்கு ஓட்டி, அந்தத் தாளத்தைக் காதில் கேட்டுக் கொண்டே இரண்டாவது தடத்தில் கிடார் வாசிக்கலாம். பிறகு மூன்றாவதில் புல்லாங்குழல், நான்காவதில் குரல்.

'நாலுதானே? அதுக்கு மேல வேணும்னா?' என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. மூன்று தடத்தில் உள்ளதையும் ஒன்றாகக் கலந்து நான்காவதில் ஏற்றி விட்டு, அந்த மூன்றையும் அழித்து விட்டு மறுபடி பதியலாம். ஆனால் ஒரு தடவை கலந்தால் கலந்ததுதான். அப்புறம் 'கிடார் சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கு' என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் டேப்பின் 'உஸ்ஸ்' இரைச்சல் வேறு கூடிக் கொண்டே போகும். குழம்பில் உப்பு போட்ட மாதிரிதான். கூடிப் போனால் எடுக்க வழியில்லை.

இப்படித்தான் உருவானது அந்த ஆல்பம். வாத்தியம் எல்லாம் ரெமோவே வாசித்தார். குரல் எல்லாம் அவருடையதே. பின்னால் கோரஸ் பாடுவது யார் என்றால், அதுவும் அவரே! ஒலிப்பதிவு அவர், கலவை அவர், கேசட் அட்டையின் படமும் அவர் கைவேலை. கட்டிடக்கலை படிப்பு வீண் போகவில்லை என்று வைத்துக் கொள்ளலாம்.

பெயர் வைத்ததிலும் குறும்பு. 'கோவன் கிரேஸி' என்று வைத்தார். வேகமாகச் சொன்னால் 'பைத்தியம் பிடிக்குது' என்கிற இங்கிலீஷ் வார்த்தை மாதிரி காதில் விழும். நின்று சொன்னால் 'கோவாக் கிறுக்கு'!

வெளிநாட்டில் இதே மாதிரி ஒன்று நடந்தது உண்டு. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் தன் வீட்டில் இதே வகை இயந்திரத்தில் பதிந்த பாட்டுகளே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தன. ஆனால் அவர் அப்போதே பெரிய நட்சத்திரம். கேசட்டைக் கொடுத்தால் விற்றுக் கொடுக்கப் பெரிய கம்பெனி காத்திருந்தது. ரெமோவுக்குக் காத்திருந்தது ஸ்கூட்டர்தான்.

மஞ்சள் ஸ்கூட்டர்

பாட்டு பதிந்ததோடு கலைஞன் வேலை முடிந்தது. வியாபாரி வேலை அங்கேதான் ஆரம்பம். அந்த மஞ்சள் ஸ்கூட்டர் பிறகு கோவாவில் ஒரு கதையாகவே ஆகி விட்டது.

ஊர் ஊராகச் சரக்கு எடுத்துப் போய்க் கடைக்காரர் முன்னால் நின்று பழகியவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். பாட்டு நன்றாக இல்லை என்றால் பழி போட இசைக்குழு கிடையாது. விற்கவில்லை என்றால் திட்டக் கம்பெனியும் கிடையாது. முன்னால் நிற்கிற ஆள்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. குடும்ப வீடும் கையில் ஒரு பட்டமும் இருந்ததால் இவர் துணிந்தார். அன்றாடம் காய்ச்சிப் பிழைக்கிற பாட்டுக்காரன் இப்படி இயந்திரம் வாங்கி வைத்துக் கொண்டு வீட்டில் உட்கார முடியுமா? முடியாதுதான். ஆனால் அந்த வசதி இருந்தும் ஸ்கூட்டரை எடுக்காதவர்கள் எத்தனையோ பேர்.

கம்பெனி தேடி வந்தது

முதல் கேசட்டோடு ரெமோ ஓயவில்லை. 1985-ல் 'ஓல்ட் கோவன் கோல்ட்' வந்தது. அடுத்து போதை மருந்துக்கு எதிரான பாட்டோடு 'பேக் தட் ஸ்மேக்'. அதற்குள் பெயர் கோவா எல்லையைத் தாண்டி விட்டது. ஒரு காலத்தில் கதவைச் சாத்திய கேசட் உலகம் இப்போது ஒப்பந்தத்தோடு வந்தது. 1987-ல் 'ஜல்வா' இந்திப் படத்தின் பாட்டு வடநாடு முழுக்க ஒலித்தது. 2007-ல் பத்மஸ்ரீ விருது. 2021-ல் தன் வாழ்க்கைக் கதையையும் தானே எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். அதையும் வேறு யாரிடமும் விடவில்லை!

'பம்பாய்' பாட்டுக்கு அவரைக் கூப்பிட்ட ரகுமானும், 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்கட்டிலேயே ஸ்டூடியோ கட்டிக் கொண்டவர்தான். 'ரோஜா' வருவதற்கு 3 வருஷம் முன்னால், சினிமாவில் இசையமைப்பாளர் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில்.